இடுக்கணழியாமையும் உழைக்கும் மக்களும்: கிழக்கிலங்கைக் கவி மரபை முன்வைத்துச் சில சிந்தனைகள்

துன்பம் வந்தவிடத்து மனந்தளராது முன்னேறுதல் என்னும் பொருள் தமிழிலே தொன்றுதொட்டுப் போற்றப்பட்டு வருவது. அறநூல்கள் அதனை விதியாகக் கூறின. பிற்காலத்து நீதி நூல்கள் அதனைச் சிறுவர்க்கான பாடமாக்கின. இன்றைய தன்முன்னேற்ற நூல்கள் அதனை விலைப்படும் பண்டமாக்கியுள்ளன. இவை பெரும்பாலும் விடாமுயற்சியைத் தனிமனிதனின் உள்ளத்தில் உறையும் ஒரு குணமாகவே கொள்கின்றன. முயல்பவர் யார், எவருடைய பாரத்தைச் சுமந்து முயல்கின்றார், அம்முயற்சியின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்கள் அங்கு எழுவது அரிது. அவ்வினாக்களை எழுப்பி, கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் கவி மரபை ஆதாரமாகக் கொண்டு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் திருக்குறளை நோக்குவோம். பொருட்பாலின் அரசியற் பகுதி ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களோடு (60-63) நிறைவுறுகின்றது. அரசனுக்கு உரிய பண்புகளின் வரிசையிலேயே தளராமையும் வைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் இடுக்கணழியாமை அதிகாரத்தின் நான்காம் குறள் தளராமைக்கு உவமை தேடும்பொழுது, அரண்மனையையோ போர்க்களத்தையோ நாடவில்லை. தடைப்பட்ட இடமெல்லாம் விடாது இழுத்துச்செல்லும் பகட்டையே நாடுகின்றது. பரிமேலழகர் அதனைச் சகடம் ஈர்க்கும் பகடாக விளக்குவர். அறிவுரை ஆள்வோனுக்கு, உவமையோ உழைப்போனின் உலகத்தது. நிலவுடைமைச் சமுதாயத்தின் அறவியலிலே பொதிந்துள்ள முரண்பாடு இங்கு வெளிப்படுகின்றது எனலாம். பகட்டின் தளராமை புகழப்படுகின்றது. வண்டியிலுள்ள சுமை எவருடையது என்பது பேசப்படவில்லை.

வள்ளுவர் இவ்வளவில் நின்றுவிடவில்லை என்பதனையும் கூறுதல் நேர்மையாகும். தாழாது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று கூறிய அவரே, இரவச்சம் என்னும் அதிகாரத்தில், ஒருவன் இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் உலகைப் படைத்தவன் அலைந்து கெடுவானாக எனச் சபிக்கின்றார். முயற்சியினால் மட்டும் தீராத துன்பமும் உண்டு, அதற்கு உலக அமைப்பே பொறுப்பு என்னும் உணர்வு அச்சாபத்திலே தொனிக்கின்றது. பின்வந்த நீதிபோதகர்கள் முன்னதை உயர்த்திப் பின்னதை மறந்தனர்.

இனி, பகட்டின் உலகத்தவரே பாடிய பாடல்களுக்கு வருவோம். அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த வரிப்பத்தான்சேனை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான கரையோர ஊர்களுக்கு மேற்கே, வயல்வெளியை அண்டி அமைந்த முஸ்லிம் கிராமமாகும். காடு வெட்டி எரித்து மழையை நம்பிப் பயிரிடும் நிலத்தையே சேனை என்பர். அப்பெயர் தாங்கிய ஊர்கள் இப்பகுதியிலே பலவுள. அட்டாளைச்சேனை என்பதன் முதற்பகுதியோ பயிர் காக்கும் பரணைச் சுட்டுவது. மன்னர் பெயரையும் மானியத்தையும் சுமந்த ஊர்ப்பெயர்களைப் போலன்றி, இவை காட்டை வயலாக்கிய மனித உழைப்பைப் பதிவுசெய்துள்ளன.

இந்நிலத்தின் உற்பத்தி உறவுகளும் தெளிவானவை. நிலம் போடியாருடையது, முல்லைக்காரனும் வயற்காரரும் விதைப்பு முதல் சூடடிப்பு வரை வாடியிலே தங்கி உழைத்தனர், யானைக்கும் பன்றிக்கும் இரவெல்லாம் விழித்திருந்தனர், விளைவிலே பங்கு பெற்றுக் கடனிலே அதனை இழந்தனர். பெண்களோ ஊரிலிருந்து நெற்குற்றியும் பன்பாய் இழைத்தும் வீட்டைத் தாங்கினர். வாடிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இப்பிரிவே கவியின் விளைநிலமாகும்.

இப்பகுதி மக்கள் கவி என்று வழங்கும் நான்கடிப் பாடல்களை வி.சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூலிற் கவனப்படுத்தினார், எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைத் தொகுத்தளித்தார். இவற்றை இருவகையாகத் தவறாக வாசித்துள்ளோம். கிராமிய எழிலை வியந்தோர் இவற்றைக் காதற் பாடல்களாக மட்டுமே கண்டு, காதலரைப் பிரித்துவைத்த உழைப்பு முறையைக் காணாது விட்டனர். முற்போக்கு அணியைச் சேர்ந்த நம்மிற் சிலரோ, இறைவனை விளித்துப் பொறுமையை வேண்டும் கவிகளைக் கண்டவுடன் விதிவாதம் என ஒதுக்கினோம். கலகக்குரல் இல்லாத இடத்திலே எதிர்ப்பும் இல்லை என முடிவுகட்டிய இவ்வியந்திரப் பார்வை நமது தவறேயாகும்.

அத்தவறைத் திருத்திக்கொள்ளக் கவியின் வடிவமே துணைபுரிகின்றது. கவி பெரும்பாலும் தனிமொழியன்று; விளி. மச்சானையோ மச்சியையோ உம்மாவையோ தோழியையோ வழிச்செல்லும் பறவையையோ அது அழைக்கின்றது. பல கவிகளுக்கு மறுமொழிக் கவியும் உண்டு. துன்பத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும் வீரனின் மௌனம் இங்கில்லை. பாடுபவள் துன்பத்தை வாய்விட்டுச் சொல்கிறாள்; கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையுடன் சொல்கிறாள். சபூர் என்று அவள் வேண்டும் பொறுமையும் அடுத்த நாள் வேலைக்குத் தன்னை ஆயத்தப்படுத்தும் பொறுமையே. களவெட்டியிலே மாடுகளைச் சுற்றிவரச் செய்தோர் எழுப்பிய 'பொலி' என்னும் விளியும் இத்தகையதே: களைத்த உடல்களை ஒரே தாளத்திற் பிணைத்து இரவைக் கடத்திய குரல் அது. தளராமை ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான உறவிலே வாழ்வது என்பதே இவ்வடிவம் தரும் செய்தியாகும்.

இச்செய்தி பாடலோடு நின்றுவிட்டதா? கல்லோயாத் திட்டத்தின் வரலாறு விடை தருகின்றது. 1949 இல் தொடங்கிய இத்திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களின் தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும் கடைக்கோடியிலே தமிழ்பேசும் விவசாயிகளும் அமைந்தனர்; நீர் கடைக்கோடியை எட்டாத போகங்கள் பல. 1956 இல் இனவன்முறை நிகழ்ந்ததும் இதே பள்ளத்தாக்கிலேயே. 1981 இல், நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைந்திருந்த வேளையில், இளம் அமைப்பாளர்களின் தூண்டுதலால் விவசாயிகள் குழுக்களாகத் திரண்டு தூர்ந்த வாய்க்கால்களைத் தாமே வெட்டித் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரைக் கீழ்ப்புற வயல்களுக்கு விட்டனர். அப்பணியோடு தொடர்புற்றிருந்த கோர்ணெல் பல்கலைக்கழகத்து அறிஞர் நோர்மன் அப்ஹொப் 1992 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். கடைக்கோடி விவசாயியின் தனிமுயற்சி எத்துணை பெரிதாயினும் வாய்க்காலில் வாராத நீரைக் கொணர்ந்திராது. இனத்தைக் கடந்து கூடிய உழைப்பே அதனைக் கொணர்ந்தது.

இதற்கு மறுதலையான அனுபவம் கடலோரத்திலே நேர்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையினால் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியோரின் மீண்டெழும் ஆற்றலை உலகம் புகழ்ந்தது. ஆயின் அதனையடுத்து வந்த அரச அறிவித்தலோ கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டுதலைத் தடுத்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதெனினும், நெருக்கமான கரையோர ஊர்களில் நிலமற்ற மீனவர் அவ்விடைக்காலத்தில் எவ்விடத்திலே எழுவது? எழ விரும்பியோருக்கு ஊக்கம் குறைவன்று, நிலமே குறைவு. மீண்டெழும் ஆற்றல் என்னும் புகழுரை, அரசின் கடமையைப் பாதிக்கப்பட்டோரின் குணத்தின் மேல் ஏற்றிவிடும் உபாயமாகவும் பயன்படலாம் என்பதற்கு இது சான்று.

இன்று இப்பகுதியின் வயல்களிலே அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. களவெட்டியும் பொலிப் பாடலும் அருகிவிட்டன. அதற்காக மாட்டின் பின்னே மனிதன் இரவெல்லாம் சுற்றிய காலத்தை மீண்டும் வேண்டுதல் பொருந்தாது. ஆயின் கவியிலே உருப்பெற்றிருந்த உணர்வு, அதாவது துயரத்தை வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னால் கேட்பவர் உளர், கேட்பவர் கைகொடுப்பர் என்னும் உணர்வு, புதிய வடிவங்களை வேண்டி நிற்கின்றது. விடாமுயற்சியைப் பாடும் படைப்பை மதிப்பிடுங்கால் நாயகன் எத்துணைத் துன்பத்தைத் தாங்கினான் என அளப்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. அவனோடு நுகத்திற் பூட்டப்பட்டோர் எவர், வண்டியின் சுமை எவருடையது என்பனவற்றையும் அப்படைப்பு காட்டுகின்றதா என வினவுதல் வேண்டும். பகட்டின் தளராமையை மெச்சிய மரபு நம்மிடம் நெடிதுண்டு. சுமையைக் கணக்கிடும் திறனாய்வை இனி வளர்த்தெடுப்போமாக.