நூறு படங்களுக்குள் ஒரு சிவப்பு

தை மாதத்து இரவு. போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மூடுபனி விலகினால் பாக்கியம். கேமரா லென்ஸில் ஈரம் படிந்தால் அன்றைய கதை முடிந்தது. திருவாதிரைக்குத் தெற்கே, வரிசையாய் நிற்கும் மூன்று விண்மீன்களையும் தாண்டி மங்கலாய் ஒரு பொட்டு: ஓரியன் நெபுலா. ஏறக்குறைய 1,340 ஒளியாண்டுத் தொலைவு.

அதை ஒற்றைப் படமாக எடுத்தால் புள்ளி இரைச்சல்தான் மிச்சம். 30 விநாடி வீதம் 100 படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். லென்ஸை மூடி எடுத்த கறுப்புப் படங்களையும் கழிக்க வேண்டும். ஏலக்காயைச் சலிப்பது மாதிரிதான். பிறகு மங்கிய பகுதியை மெல்ல மெல்ல வெளிச்சமாக்க, ஹைட்ரஜனின் சிவப்பு எழும்பி வரும். கொஞ்சம் அதிகம் போனால் கல்யாண ஆல்பம்! எனக்கும் கை அரித்ததுண்டு. படத்தின் ஓரத்தில், கீழே எரியும் ஊர் விளக்குகளின் மஞ்சளும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.