ஐயத்திற்கு அரை மதிப்பெண்

மாணவன் பல்லில் வெண்திட்டோ பழுப்புத் திட்டோ கண்டால் 'கறை' என்று கூறிக் கடிந்துகொள்வது நம் தோட்டப்பள்ளிகளில் பழைய வழக்கம். யானும் அவ்வாறு கடிந்தவனே. வெற்றிலைக் கறை துலக்கினால் குறையும். மிகுந்த புளோரைடால் வரும் குறையோ, தாடையினுள் பல் உருவாகும் இளம்பருவத்திலேயே எனாமலின் அமைப்பில் நேர்ந்துவிடுவது. எத்துணை தேய்த்தாலும் போகாது. இக்குறையை அளக்கும் முறை எத்தகையது என்று ஆராய்வோம்.

அமெரிக்கப் பல் மருத்துவர் டிரென்ட்லி டீன் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய அளவே இன்றும் பெருவழக்கு. இயல்பான பல்லுக்கு 0; ஐயத்திற்குரியதற்கு 0.5, மிக இலேசு 1, இலேசு 2, நடுத்தரம் 3, கடுமை 4. மிகுதியாகத் தாக்குண்ட இரு பற்களைக் கொண்டு மதிப்பிடுவர்; அவை ஒத்திராவிடில் குறைவாகத் தாக்குண்டதன் எண்ணே கொள்ளப்படும்.

ஐயம் திரிபு அற அறிதல் நம் மரபு. டீன் ஐயத்தை மறைக்காமல் அதற்கும் ஓர் இடம் தந்தார், இந்நேர்மை போற்றத்தக்கது. குறை பிறிதோரிடத்தில் உளது. ஊர்நிலை அறிய இவ்வெண்களைக் கூட்டிச் சராசரி காண்பர், அது 0.4க்குக் குறைந்தால் கவலையில்லை என்பது அவர் துணிபு. 11 பிள்ளைகளுள் பத்துப் பேர் இயல்பாயிருக்க, ஒரு பிள்ளையின் பற்கள் குழிவிழுந்து கடுமைநிலை எய்தினால், சராசரி 0.36. வகுப்புத் தேறிற்று, அப்பிள்ளை எங்கே? மேலும், இவை படிவரிசை காட்டும் எண்களேயன்றி அளவு காட்டுவன அல்ல. 4 என்பது 2இன் இருமடங்கு கேடு ஆகாது.

1978இல் தைல்ஸ்ட்ரப், ஃபெயர்ஸ்கோவ் இருவரும் 0 முதல் 9 வரை வேறோர் அளவு வகுத்தனர். பல்லை உலர்த்திப் பார்த்து, எனாமலினுள் நேர்ந்த மாற்றத்தோடு படிகளைப் பொருத்துவது அதன் சிறப்பு. கடுமையான நிலைகளை அது நுணுகிப் பிரிக்கும். எனினும், சராசரியின் பிழை அதனாலும் நீங்காது.

பேராக் உள்ளிட்ட மலேசிய மாநிலங்களுக்கு, பற்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் புளோரைடு சேர்க்கும் திட்டம் 1972இல் ஏற்கப்பட்டது. 2005இல் அதன் அளவு, பத்து இலட்சம் பங்கு நீரில் 0.7 பங்கிலிருந்து 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது. தமிழகத்துத் தருமபுரியிலோ நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுதி. அங்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது. இங்கே அளந்து சேர்ப்பது. அங்கே மிகுதியைத் தவிர்ப்பது. ஈரிடத்தும் பிள்ளையின் பல்லே சான்று.

ஆதலின், ஆய்வறிக்கை சராசரியோடு நில்லாது, ஒவ்வொரு படியிலும் எத்தனை பிள்ளைகள் என்பதையும் தருதல் வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும், 'பல் துலக்கவில்லையா?' என்று கடியுமுன், ஐயத்திற்கு அரை மதிப்பெண்ணேனும் வழங்குவோமாக.