நாடகம் யாருக்காக?

கலை யாவர்க்கும் பொது என்பது நம் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் வாசகம். அதைச் சொல்லாத தலைவரும் இல்லை. அதற்குக் கை தட்டாத கூட்டமும் இல்லை. ஆனால் நாடகக் கொட்டகையின் வாயிலில் நின்று, உள்ளே செல்பவர் யார், செல்ல இயலாமல் திரும்புபவர் யார் என்று கணக்கெடுத்தால், அவ்வாசகம் எவ்வளவு தூரம் மெய் என்பது விளங்கிவிடும். நடக்க இயலாதவர், கண் காணாதவர், செவி கேளாதவர், பேரொலியையும் கூசும் வெளிச்சத்தையும் தாங்க மாட்டாத பிள்ளைகள் ஆகிய இவர்கள் ரசிகர் என்னும் கணக்கில் சேர்க்கப்பட்டவரல்லர். இவர்களை விலக்கி வைத்தது இயற்கையா, அன்றி மனிதர் செய்துகொண்ட வழக்கமா என்பதை ஆராய்வதே நம் நோக்கம். அதற்கு உரைகல்லாக, இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்வோம்.

மார்க் ஹாடன் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல், 'தி க்யூரியஸ் இன்சிடன்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' என்பது. இதனைச் சைமன் ஸ்டீபன்ஸ் நாடகமாக்க, மேரியான் எலியட் இயக்க, லண்டன் நேஷனல் தியேட்டர் 2012-இல் அரங்கேற்றியது. 2013-இல் ஏழு ஆலிவியர் பரிசுகளும், நியூயார்க்கில் ஆடியபின் 2015-இல் ஐந்து டோனி பரிசுகளும் அதற்குக் கிடைத்தன. கதாநாயகன் கிரிஸ்டபர் பதினைந்து வயதுப் பையன். கணிதத்தில் சூரன், ஆனால் பிறர் தொட்டால் பொறான், கூட்டமும் சத்தமும் அவனை நிலைகுலையச் செய்யும். அயல்வீட்டு நாயைக் கொன்றவர் யார் என்று துப்பறியப் புகுந்தவன், தன் வீட்டின் மறைபொருள் ஒன்றைக் கண்டறிந்து, தாயைத் தேடித் தன்னந்தனியே லண்டனுக்கு ரயிலேறுகிறான். அவன் நிலைக்கு நாடகம் எந்த நோயின் பெயரையும் சூட்டவில்லை. ஆயினும் மருத்துவர் ஆட்டிசம் என்று கூறும் நிலையே இது எனப் பார்த்தவர் பலரும் கொண்டனர்.

ரயில் நிலையக் காட்சியே இந்நாடகத்தின் சிகரம். மேடையின் சுவரெங்கும் எழுத்துக்கள் பாய்கின்றன. விளக்குகள் மின்னி மின்னி மறைகின்றன. ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதுகின்றன. அந்தப் பையனின் தலைக்குள் நாமே புகுந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. பிறன் வேதனையைச் சொல்லாமல் உணரச் செய்வது உயர்ந்த கலை, அதில் ஐயமில்லை. ஆனால் நாம் ஒரு வினா எழுப்புகிறோம். அந்தக் கிரிஸ்டபரே டிக்கட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தால் என்னாகும்? தன் கதையைத் தானே பார்க்க மாட்டாமல், காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். அவனுடைய துன்பம், அத்துன்பம் இல்லாதவர்க்கு இரண்டரை மணி நேர விருந்தாகிறது. அவனுக்கோ அவ்விருந்தில் இலையில்லை. இதுவே நாம் காணும் குறை.

இனி, நாடகத்தை விட்டு அது நடந்த கட்டிடத்தைப் பார்ப்போம். 2013-இல் அந்நாடகம் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவிலுள்ள அப்பல்லோ தியேட்டருக்கு மாறியது. அது 1901-இல் திறக்கப்பட்டது. அதன் மேல்மாடம் லண்டனிலேயே மிகச் செங்குத்தானவற்றுள் ஒன்று. அக்காலத்து லண்டன் கொட்டகைகளில், கீழே மெத்தை நாற்காலியில் அமரும் கனவான்களுக்கு முன்வாசல். மேல்மாடத்தில் நெருக்கி அமரும் ஏழைகளுக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல், தனிப் படிக்கட்டு. ஏழையின் தோள் பணக்காரன் தோளில் உராயாதிருக்கவே அப்படிக் கட்டினர். சட்டையின் விலையைக் கொண்டு மனிதனைப் பிரித்த அதே படிக்கட்டு, இன்று காலின் வலுவைக் கொண்டு பிரிக்கிறது. ஆகவே, பழைய கட்டிடம், என் செய்வது என்று கூறுவோர்க்கு நாம் சொல்வது ஒன்றே: கட்டியவன் ஒரு நோக்கத்தோடுதான் கட்டினான், நாமும் ஒரு நோக்கத்தோடு மாற்றலாம்.

கட்டிடத்துக்குச் சொன்னது அவையொழுக்கத்துக்கும் பொருந்தும். நாடகம் பார்ப்பவன் இருளில் அசையாமல், வாய் திறவாமல் இருக்கவேண்டும் என்பது கலையின் இயல்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது இயல்பன்று, அண்மைக்காலத்து வழக்கம். ஷேக்ஸ்பியரின் குளோப் கொட்டகையில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் திறந்த முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், நின்றபடி பார்த்தனர். ஜெர்மனியில் வாக்னர் என்னும் இசையறிஞர் 1876-இல் பைராய்ட் நகரில் திறந்த கொட்டகையில் அவையை இருட்டாக்கினார். அதன் பின்னரே அது எங்கும் நாகரிகமாயிற்று. நம் கூத்தையே பாருங்கள். விடிய விடிய ஆடும் கூத்தில் பிள்ளைகள் பாயில் உறங்கினர். எழுந்தவர் தேநீர் குடித்துத் திரும்பினர். கட்டியங்காரனின் நகைச்சுவைக்குக் கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. அதனால் ராஜா வேஷம் கெட்டுவிடவில்லை. பழமையைப் பாராட்ட இதைச் சொல்லவில்லை. அதே கூத்துக் களத்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி வகுத்ததையும் நாம் மறக்கவில்லை. அசையாத மௌனம் இல்லாமலே நாடகம் உயிரோடிருந்தது என்பதே நாம் காட்ட விரும்புவது.

வழக்கத்தை மாற்றத் துணிந்தவர்கள் செய்து காட்டியதைச் சிறிது கேளுங்கள். 1981-இல் வாஷிங்டன் நகரின் அரீனா ஸ்டேஜ் கொட்டகையில் பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நடந்தபோது, பார்வையற்றோர் காதில் சிறு கருவியை வைத்துக்கொண்டனர். பேச்சு நிற்கும் இடைவெளிகளில், மேடையில் யார் வந்தார், என்ன செய்தார் என்பதை ஒருவர் அதன்வழி எடுத்துரைத்தார். இம்முறையை வகுத்த மார்கரெட் ஃபான்ஸ்டீல் அம்மையாரே பார்வை இழந்தவர். செவி கேளாதார்க்கு வசனங்களை எழுத்தில் காட்டுவதற்கென இங்கிலாந்தில் 2000-இல் ஸ்டேஜ்டெக்ஸ்ட் என்னும் அமைப்பு தோன்றியது. 2018-இல் லண்டன் நேஷனல் தியேட்டர், வசனத்தைக் கண்முன் காட்டும் மூக்குக் கண்ணாடியையே அளிக்கத் தொடங்கியது.

கிரிஸ்டபர் போன்ற பிள்ளைகளுக்கான மாற்றம் 2011 அக்டோபரில் நியூயார்க்கில் நிகழ்ந்தது. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்னும் அமைப்பு, 'தி லயன் கிங்' நாடகத்தின் ஒரு பகலாட்டத்தின் எல்லா இடங்களையும் தானே வாங்கி, அத்தகைய பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தந்தது. திடுக்கிடச் செய்யும் ஒலிகள் குறைக்கப்பட்டன. கண்ணில் பாயும் விளக்குகள் தவிர்க்கப்பட்டன. மனம் கலங்கும் பிள்ளைக்கு வெளிக்கூடத்தில் அமைதியான இடம் ஒதுக்கப்பட்டது. பேசலாம், எழலாம், போகலாம், வரலாம். இங்கிலாந்தில் இதனை 'ரிலாக்ஸ்டு' ஆட்டம் என்பர். நாம் கட்டுத்தளர்ந்த ஆட்டம் என்போம். நாம் முன்னே ஆராய்ந்த நாடகமும் பின்னர் அவ்வகையில் ஆடப்பட்டது. கிரிஸ்டபருக்கும் இலை போடப்பட்டது.

இங்கே கலாரசிகர் ஒருவர் ஆட்சேபம் கூறலாம்: "ஒலியையும் ஒளியையும் குறைத்தால் ரயில் நிலையக் காட்சியின் வேகம் குன்றாதா?" குன்றும், அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வேகம் வேண்டுவோர்க்கு மற்ற இரவுகள் எல்லாம் இருக்கின்றன. வேகம் சற்றுக் குறைந்த ஆட்டத்தைப் பார்ப்பதா, எந்த ஆட்டத்தையுமே பாராதிருப்பதா என்பதே அந்தப் பிள்ளையின் முன்னுள்ள கேள்வி. விளக்கின் மினுக்கத்தை எடுத்தவுடன் உயிர் போய்விடும் நாடகம் என்றால், அதில் உயிர் எங்கே இருந்தது என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

இதனினும் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு, அது நம்முடையது. தனி நாள் ஒதுக்குவது, தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பது போலாகாதா? இரண்டும் ஒன்றல்ல. தனிக் குவளை, குடிப்பவனை இழிவுபடுத்த மற்றவன் வைத்தது. தனி ஆட்டமோ பெற்றோர் மகிழ்ந்து வரவேற்றது. ஆயினும் அபாயம் இருக்கிறது. "உங்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறதே, இன்று ஏன் வந்தீர்கள்?" என்று கேட்கும் வாயை அது உண்டாக்கிவிடலாம். 2015-இல் நியூயார்க்கில் 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தின் பகலாட்டத்தில் ஆட்டிசமுள்ள பிள்ளையொன்று கூவியபோது, அவையோர் சிலர் தாயின்மேல் சீறினர். அன்று நடித்துக்கொண்டிருந்த கெல்வின் மூன் லோ, அத்தாயின் பக்கம் நின்று பகிரங்கமாக எழுதினார். தம்மையறியாமல் சொற்கள் வாயிலிருந்து எழும் டூரெட் நிலையையுடைய ஜெஸ் தாம் என்னும் ஆங்கிலப் பெண், 2011-இல் ஒரு நிகழ்ச்சியில் மற்றவர்க்குத் தொந்தரவென்று ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் அமர்த்தப்பட்டார். அவர் அழுதுவிட்டு வீட்டில் தங்கிவிடவில்லை. தாமே நாடகம் செய்து 2014-இல் மேடையேறினார். 2020-இல் லண்டன் பேட்டர்சி ஆர்ட்ஸ் சென்டர், அவருடைய குழுவோடு சேர்ந்து, தன் இல்லம் முழுவதையுமே கட்டுத்தளர்ந்த அரங்கமாக்க முன்வந்தது. தனி நாள் முதற்படி; எல்லா நாளும் பொது என்பதே முடிவான படி.

அவையில் மட்டுமன்று, மேடையிலும் இக்குறையுண்டு. 2019-இல் அலி ஸ்ட்ரோக்கர், டோனி பரிசு பெற்ற முதல் சக்கரநாற்காலி நடிகையானார். அவையிலிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லாமையால், பரிசு வாங்க அவர் திரைக்குப் பின்னே காத்திருக்க நேர்ந்தது. பாராட்டத் தெரிந்த சபைக்குப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போடத் தெரியவில்லை!

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுச் சங்கதி என்று நாம் கைகழுவ முடியாது. உடற்குறையுடையோர் கலைவாழ்வில் பங்குபெறும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, அதன் 30-ஆம் பிரிவில் நாடகத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. மலேசியா அதனை 2010-இலும் சிங்கப்பூர் 2013-இலும் ஏற்றன. மலேசியாவோ அந்த 30-ஆம் பிரிவின் கொள்கையை ஒப்புக்கொண்டு, நடைமுறை தன் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தது. 2008-இல் இயற்றிய தன் சட்டத்திலோ, கீழ்ப்படியாதவர்க்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. சர்க்காரை நோக்கிக் கேட்கவேண்டியதை நாம் கேட்போம். ஆனால் நம் கையிலுள்ளதைச் செய்யச் சர்க்கார் எதற்கு?

நாடகம் போடும் நம் மன்றங்களையும் இளைஞர் சங்கங்களையும் நாம் வேண்டுவன சிலவே. மண்டபத்துக்கு எத்தனை படி, சாய்தளம் உண்டா என்பதை நோட்டீசில் அச்சிடுங்கள். சக்கர நாற்காலிக்கு முன்வரிசை ஓரத்தில் இடம் விடுங்கள். ஒலிபெருக்கியின் காதைப் பிளக்கும் ஓசையைக் குறையுங்கள். வெடியோ மின்னும் விளக்கோ வருமாயின் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு பிள்ளை கூவினால் திரும்பி முறைக்காதீர்கள். இவற்றுள் பணம் கேட்பது சாய்தளம் ஒன்றே. அதுவும் நாலு பலகையும் ஒரு தச்சனின் அரைநாள் வேலையும்தான். மற்றவற்றுக்கு மனம் போதும். அது இல்லாத மண்டபத்தில் கலை யாவர்க்கும் பொது என்று பேசுவது வீண் ஆரவாரமே.