காட்சிக்கு வைக்கப்பட்ட நெடுஞ்சாலை: புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் கண்காட்சி பற்றிய சில கருத்துக்கள்

கலைஞன் ஒருவனது ஆக்கங்கள் நூதனசாலையினுள் இடம்பெறும்போது அவற்றின் சமூகப் பொருள் மாற்றமடைகின்றதா என்னும் வினா, வெகுசனப் பண்பாட்டினை ஆராய்வோர் தவிர்க்க முடியாததொன்றாகும். ஐக்கிய அமெரிக்க றொக் இசைக் கலைஞரான புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் பற்றிய கண்காட்சி இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 'அஸ்பரி பார்க்கிலிருந்து வாக்களிக்கப்பட்ட பூமி வரை' என்னும் பெயருடன் 2009இல் கிளீவ்லண்டிலுள்ள றொக் இசை நூதனசாலையில் ஆரம்பமான அது, 2012இல் பிலடெல்பியாவின் தேசிய அரசியலமைப்பு நிலையத்திலும் இடம்பெற்றது. கைப்பட எழுதிய பாடல் வரைவுகள், 'போர்ன் ரு றன்' இசைத்தட்டின் உறையில் காணப்படும் கிற்றார், 1960ஆம் ஆண்டுச் செவ்ரொலெற் கோர்வெற் மோட்டார்க்கார் ஆகியன காட்சிப்பொருள்களுட் சில.

இவற்றுள் மோட்டார்க்காரே எமது கவனத்துக்குரியது. 1949இல் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்த ஸ்பிறிங்ஸ்ரீனின் தந்தை கம்பள ஆலை, போர்ட் மோட்டார் ஆலை, பஸ் எனத் தொழில் மாறி மாறி உழைத்தவர். நிலையான வருமானம் தாயின் எழுதுவினைஞர் தொழிலிலிருந்தே கிடைத்தது. இச்சூழலில் வளர்ந்த இளைஞனுக்கு நெடுஞ்சாலை என்பது தந்தையின் வாழ்க்கை தன்மீதும் கவியாதிருப்பதற்கான ஒரே வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1975இல் வெளிவந்த 'போர்ன் ரு றன்' இவ்வுணர்வின் உச்சம். இதனைத் தனிமனிதத் தப்பியோடல் என ஒரு சொல்லில் ஒதுக்குவது வரட்டுவாதமாகும். தப்பிச்செல்லும் வேட்கை, தப்பிச்செல்லவேண்டிய நிலைமையைச் சுட்டிக்காட்டவுஞ் செய்கின்றது. அவ்வகையில் அது கனவாகவும் கண்டனமாகவும் ஒருங்கே அமைகின்றது.

ஆயின் அச்சாலையை அமைத்தவர் யார்? 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமான வீதி வலையமைப்பினைத் திட்டமிட்டது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்தை மத்திய அரசே ஏற்றது. 'சுதந்திர வீதி' என்பது அரசும் மோட்டார் முதலாளித்துவமும் கூடி உருவாக்கியதாகும். கறுப்பின மக்கள் வாழ்ந்த நகர்ப்புறக் குடியிருப்புக்கள் பல அதற்காகவே இடிக்கப்பட்டன. அம்மக்கள் பாதுகாப்பாகப் பயணஞ் செய்வதற்கெனத் தனியொரு வழிகாட்டி நூல் 1936 முதல் வெளிவரவேண்டியிருந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. 1960ஆம் ஆண்டுக் கோர்வெற் கார்கள் சென். லூயிஸ் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் உருவானவை. 1964இல் 'வாக்களிக்கப்பட்ட பூமி' என்னும் தலைப்பில் பாடல் வெளியிட்ட கறுப்பினக் கலைஞர் சக் பெரியும் அந்நகரத்தவரே. இளமையில் மோட்டார் ஆலைகளில் வேலை செய்தவர். காரைச் செலுத்துவோனுக்கு விடுதலையாகத் தோன்றுவது, அதனைப் பொருத்துவோனுக்கு நாள் முழுதும் நகராது நின்று செய்யும் வேலையாகும்.

ஸ்பிறிங்ஸ்ரீனின் வளர்ச்சி இம்முரண்பாட்டை நோக்கியதாகவே அமைந்தது என்பது எமது கருத்து. 1977 செப்டெம்பரில் ஒகாயோ மாநிலத்து யங்ஸ்ரவுன் உருக்காலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 5,000 தொழிலாளர் வேலையிழந்தனர். 1982இல் வெளிவந்த 'நெப்ராஸ்கா'விற் சாலை எங்கும் இட்டுச்செல்வதில்லை. 1995இல் வெளிவந்த 'ரொம் ஜோடின் ஆவி'யில் யங்ஸ்ரவுனைப் பற்றியே ஒரு பாடல் உண்டு. அத்தொகுப்பிற் சாலை வீடற்றோரினதும் எல்லை கடந்துவரும் கூலித் தொழிலாளரினதும் இருப்பிடமாகின்றது. 1939இல் ஸ்ரைன்பெக் நாவலிற் படைத்த பாத்திரத்தின் பெயரை அவர் மீட்டெடுத்தமை தற்செயலானதன்று. தனியொருவன் ஓடிய சாலை, ஒரு வர்க்கம் துரத்தப்பட்ட சாலையாக இனங்காணப்படுகின்றது.

இவ்வுள்ளடக்கத்தை உணர்ச்சியினின்றும் பிரித்தெடுத்தால் நிகழ்வது யாது என்பதற்கு 1984 சான்று. வியட்நாம் போரிலிருந்து மீண்டு வேலையற்றுத் திரியும் ஒருவனைப் பற்றியது 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' என்னும் பாடல். அதே பெயர்கொண்ட இசைத்தட்டு விற்பனையில் முன்னணியில் நின்ற வேளையில், ஜனாதிபதி றேகன் நியூ ஜேர்சியில் ஆற்றிய தேர்தல் உரையிற் பாடகரின் பெயரைத் தமது நம்பிக்கை அரசியலுக்குச் சான்றாக்கினார். 1981இல் வேலைநிறுத்தஞ் செய்த 11,000க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை நீக்கியவரும் அவரே. நூதனசாலையும் இத்தகையதொரு பிரிப்பினைச் செய்யக்கூடும். மெருகூட்டப்பட்டு அசையாது நிற்கும் கார், தன்னை ஆக்கிய உழைப்பையும் தன்னைத் தேவையாக்கிய வறுமையையும் தானாகவே கூறுவதில்லை. பண்டத்தின் மாயத்தன்மை என மார்க்ஸ் விளக்கியது இதனையே.

ஆலையொன்றினுள் தாம் வேலை செய்ததேயில்லை என 2017இல் புறோட்வே அரங்கில் ஸ்பிறிங்ஸ்ரீனே ஒப்புக்கொண்டார். 2021இல் தமது பாடல்களின் உரிமையைச் சோனி நிறுவனத்துக்கு விற்றார்; தொகை ஏறத்தாழ 50 கோடி டொலர் எனச் செய்திகள் கூறின. இவற்றைக்கொண்டு அவரைப் போலி எனத் தீர்ப்பது எளிது. ஆனால் அது விமர்சனமாகாது. வேலையற்ற உருக்குத் தொழிலாளருக்கு 1984இல் அவர் வழங்கிய உதவியைக்கொண்டு அவரைப் புரட்சிக் கலைஞராக்குவதும் அவ்வாறே. எதிர்ப்பின் குரலையும் விற்பனைப் பொருளாக்கும் அமைப்பினுள் நின்றுகொண்டே, அவ்வமைப்பு மறைப்பதை அவரது பாடல்கள் எவ்வளவு தூரம் வெளிப்படுத்துகின்றன என்பதே எமது அளவுகோலாகும்.

அவ்வளவுகோல் கண்காட்சிக்கும் பொருந்தும். கலைஞனின் காரோடு அதனைப் பொருத்திய தொழிலாளியின் சம்பளப் பற்றுச்சீட்டும், பாடல் வரைவோடு மூடப்பட்ட ஆலையின் அறிவித்தலும் வைக்கப்படுமாயின், பார்வையாளர் வியப்போடு நின்றுவிடமாட்டார், வினா எழுப்புவார். அவை வைக்கப்படாத இடத்தில், பொருளை அதன் சமூக உறவுகளுடன் மீண்டும் இணைத்துக் காட்டுவது விமர்சகரின் கடனாகும்.