தங்கம் பூசின பஞ்சாங்கம்

சங்கரன்கோவில்காரனுக்குப் பிரான்ஸ் தேசத்துச் செபப் புத்தகத்தோட என்ன சகவாசம்னு எங்க தெருவுல கேக்காத ஆளில்லை. கேட்டுட்டுப் போகட்டும். நான் அதை நேர்ல பார்த்துட்டேன்! பேரு 'த்ரே ரீஷ் எர்'. பெரி நாட்டுக் கோமகன் ழான்னு ஒருத்தர், பிரெஞ்சு ராஜா மகன், தனக்குன்னு வரையச் சொன்ன புத்தகம். ஒரு நாளை எட்டு வேளையாப் பிரிச்சு வேளைக்கு ஒரு செபம், முன்னால பன்னிரண்டு மாசத்துக்கும் நாள்காட்டி. 1411 வாக்குல தொடங்கின வேலை. உலகத்துல இருக்கிற ஓவியச் சுவடியிலேயே இதுதான் ராஜான்னு சொன்னா, எல்லாத்தையும் பார்த்துட்டியாம்பீங்க. பார்க்கலை. இனி பார்க்கவும் வேண்டாம்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடிச்சதுன்னு கேளுங்க. ஒரு பழைய ஓவிய நூல்ல இந்தச் சுவடியோட பக்கம் ஒண்ணு அச்சாகியிருந்துச்சு. ஒட்டுத் துணியில்லாம மெலிஞ்ச உருவம் ஒண்ணு நிக்குது, அதோட முதுகுல முதுகு ஒட்டி இன்னொண்ணு. தலை மேல ஆடு. கழுத்துல காளை. முழங்கால்ல மகரம். காலடியில ரெண்டு மீன். எழுந்து நின்னுட்டேன். அட, இது நம்ம காலபுருஷன்லா! தலை மேஷம், பாதம் மீனம்னு ஜோசியர் விரல் மடக்கிச் சொல்ற அதே ஆளு, வேற எங்கயோ, தங்க வளையத்துக்குள்ள நிக்கான்! பாபிலோன்ல பிறந்த ராசிகள் கிரேக்கர் கைக்குப் போய், அங்கிருந்து கிழக்கே நமக்கும் மேற்கே அவங்களுக்கும் வந்ததுன்னு பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சந்திரன் எந்த ராசியில நிக்கும்போது உடம்புல எந்த இடத்துல ரத்தம் எடுக்கக் கூடாதுன்னு அவங்க வைத்தியர்கள் இந்த மாதிரிப் படத்தைத்தான் பார்ப்பாங்களாம். பாதி சிவன், பாதி பெருமாள்னு ஒரே திருமேனியைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். ரெட்டை உருவம் எனக்கு ஒண்ணும் புதுசில்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இதைப் பார்க்கிறது லேசில்லை. ஓமால் கோமகன்னு ஒருத்தர் 1856-ல விலைக்கு வாங்கினார். பாரிசுக்கு வடக்கே ஷாந்திய்யி அரண்மனையில வச்சு, அரண்மனையையும் சேர்த்து பிரான்ஸ் கல்விக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துட்டார், ஒரு பொருளும் வெளியே இரவல் போகக் கூடாதுங்கிற நிபந்தனையோட. அந்தச் சுவடி வரவே வராது, நாமதான் போகணும். போனாலும் சாதாரண நாள்ல காட்டுறது நகலைத்தான். 2025 ஜூன்ல என் அதிர்ஷ்டம் திறந்துச்சு. பழுது பார்க்கிறதுக்காக நாள்காட்டித் தாள்களைத் தையல் பிரிச்சிருந்தாங்க. திரும்பக் கட்டுறதுக்கு முன்னால பன்னிரண்டு மாசத்தையும் ஒரே இடத்துல மக்கள் பார்க்கட்டும்னு அக்டோபர் 5 வரைக்கும் கண்காட்சி வச்சாங்க. பாரிஸ் லா ஷப்பேல்ல, நம்ம தமிழ்க் கடைத் தெருவுலதான், அக்கா மகன் குடியிருக்கான். அங்கிருந்து நடக்கிற தூரத்துல ரயில் நிலையம், ஏறினா அரை மணிக்குள்ள ஷாந்திய்யி. "பழைய பைபிள் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?" ன்னான். பைபிள் இல்லலே, பஞ்சாங்கம்னேன்.

இப்ப கற்பனை பண்ணிக்கோங்க. இருட்டறை. வெளிச்சம் பட்டா நிறம் போயிரும்னு விளக்கை அடக்கி வச்சிருக்காங்க. கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு தாள். எவ்வளவு பெருசு இருக்கும்னு நினைக்கீங்க? 29 சென்டிமீட்டர் உயரம், 21 அகலம், அவ்வளவுதான், ஜெராக்ஸ் கடைத் தாள் அளவு! கோயில் சுவர் ஓவியம் மாதிரி நினைச்சுக்கிட்டுப் போனவனுக்கு மூச்சு நின்னுருச்சு. தாள்னு சொல்றதும் தப்பு, கன்னுக்குட்டித் தோல். சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போட்டு, மயிர் நீக்கி, சட்டத்துல இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால சுரண்டிச் சுரண்டி எடுத்த தோல், சுட்ட அப்பளம் மாதிரி ஓரத்துல லேசா நெளிஞ்சு கிடக்கு. இந்த மாதிரி 206 ஏடு. பெரிய படம் 66, சின்னது 65. நம்ம ஓலையில எழுத்தாணியால கீறி மை தடவணும். இவங்க தோல் மேல இறகுப் பேனாவால எழுதி, தங்க ரேக்கு ஒட்டி, மெருகுக் கல்லால தேய்ச்சுப் பளபளப்பு ஏத்தியிருக்காங்க. தலையைக் கொஞ்சம் சாய்ச்சா தங்கம் அணையுது, நிமிர்ந்தா எரியுது. நான் சாய்க்கேன் நிமிர்றேன், சாய்க்கேன் நிமிர்றேன், காவலுக்கு நின்ன அம்மா என்னையே பார்க்காங்க, மருமகன் நாலு எட்டு தள்ளிப் போய் நின்னுக்கிட்டான்.

அப்புறம் அந்த நீலம். ஐயோ, அந்த நீலம்! ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல். அதைப் பொடிச்சு, மெழுகு, பிசின், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைஞ்சு, சாம்பல் காரத் தண்ணிக்குள்ள கையால அமுக்கி அமுக்கி எடுத்தா, அழுக்கு மெழுகோட தங்கிரும், நீலம் மட்டும் தண்ணியில இறங்கும். ஒவ்வொரு மாசத்துக்கும் மேலே அரைவட்ட வானம், நடுவுல சூரியன் தேர்ல போறார், தேர்லங்க! அவர் தலைக்கு மேல மாசத்துக்கு ரெண்டு ராசி. ஜனவரிக்கு அவங்க கணக்குல மகரமும் கும்பமும், நமக்குத் தனுசும் மகரமும். எல்லாம் அயனாம்ச வித்தியாசம், விடுங்க. ஜனவரியில கோமகனே விருந்துக்கு உக்காந்திருக்கார், பக்கத்துல நிக்கிறவர் தலைக்கு மேல 'கிட்ட வாங்க, கிட்ட வாங்க'ன்னு தங்கத்துல எழுதியிருக்கு, மேசை மேல தட்டுகளுக்கு நடுவுல ரெண்டு குட்டி நாய் நடமாடுது, கப்பல் வடிவத்துல ஒரு தங்க உப்புக் கிண்ணம் வேற! பிப்ரவரிக்கு வாங்க, பனி மூடின வெள்ளைக் காடு, பட்டிக்குள்ள நெருக்கியடிச்சு ஆடுகள், வரிசையாத் தேன்கூடுகள், ஒருத்தன் விறகு வெட்டுறான், ஒருத்தன் கழுதையை ஓட்டிக்கிட்டு மேடு ஏறுறான், குடிசைக்குள்ள ரெண்டு பேர் அடுப்பு முன்னால உடுப்பைத் தூக்கிட்டுக் குளிர் காயறாங்க, எல்லாமே தெரியுது, செபப் புத்தகத்துல! சத்தமாச் சிரிச்சுட்டேன். "மாமா, மெதுவா"ன்னான். அக்டோபருக்கு வந்தப்போ சிரிப்பு நின்னு தொண்டை அடைச்சுருச்சு. விதைப்பு. பின்னால வெள்ளை வெளேர்னு லூவ்ர் கோட்டை. முன்னால ஒருத்தன் கைநிறைய விதையை வீசிக்கிட்டு நடக்கான், மண்ணுல அவன் காலடித் தடம், காக்கா விதையைப் பொறுக்குது, அந்தப் பக்கம் வில்லும் கையுமா ஒரு கொல்லைப் பொம்மை, குறுக்க நெடுக்கக் கயிறு கட்டியிருக்கு. எங்க கரிசல்லயும் ஐப்பசியிலதானே விதைப்போம்! "ஏல, இங்க பாருல, நம்ம தாத்தால!" ன்னு அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன்.

வரைஞ்சவங்க கதையைச் சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. நைமேகன் ஊர்க்காரங்க, லிம்பூர் சகோதரர்கள், எர்மன், போல், ழான். 1411 புத்தாண்டுக்குக் கோமகனுக்கு ஒரு புத்தகம் பரிசாக் கொடுத்தாங்க. வெள்ளை வெல்வெட்டு உறை, பொன்முலாம் கொக்கி. திறக்கப் போனா திறக்கலை, மரக்கட்டை! புத்தகம் மாதிரி வர்ணம் அடிச்ச வெறும் கட்டை. கோமகன் கோவிச்சுக்கலை, பத்திரமா வச்சுக்கிட்டார். அவரோட சொத்துப் பட்டியல்ல அந்தக் கட்டையும் இருக்கு. வரி போட்டு ஊரை வாட்டின மனுசன்தான், நான் இல்லைன்னு சொல்லலை, ஆனா இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. 1416-ல கோமகன் போயிட்டார், அதே வருஷம் அண்ணன் தம்பி மூணு பேரும் போயிட்டாங்க, கொள்ளைநோயா இருக்கும்கிறாங்க. புத்தகம் அரைகுறையா நின்னுச்சு. நான் தொண்டை அடைச்சு நின்ன அக்டோபர், 1440 வாக்குல வேற ஒரு கை வரைஞ்சதாம். மிச்சத்தை 1485 வாக்குல ழான் கொலோம் முடிச்சார். நவம்பர் அவரோடது, பன்னிக்குக் கருவாலி விதை உதிர்க்கிற படம். மத்ததுக்குப் பக்கத்துல கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு. அதையும் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

வெளியே வந்து பன்னிரண்டு மாசப் படத்தையும் அச்சுல வாங்கிக்கிட்டேன், விலையை வீட்டுல சொல்லலை. இப்ப கூடத்துல மாட்டுறதுல பெரிய சிக்கல். சித்திரைக்கு ஏப்ரலை மாட்டணுமா மேயை மாட்டணுமா? ரெண்டுலயும் பாதிப் பாதி விழுதே! கடைசியில அக்கினி நட்சத்திரம் முடியற வரைக்கும் பிப்ரவரிதான்னு முடிவு பண்ணினேன். "இந்த வெயில்ல பனியா?" ன்னு வீட்டுக்காரி கேட்டா. பின்ன எப்ப மாட்டுறதாம்?