காலிக் கூட்டின் கணக்கு

சிங்கப்பூர் ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சியில் சுட்டு முடித்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, புல்லில் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்க வேண்டும். கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கூடும் திரும்பி வந்தாக வேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்தது. இருட்டிய பிறகும் பிளாட்டூன் முழுவதும் டார்ச் அடித்துக்கொண்டு புல்லை விரலால் கோதியது. கடைசியில் அது ஒருவருடைய மேகசின் பைக்குள் விழுந்து கிடந்தது. கிளம்பும்முன் வரிசையில் நின்று, தோட்டாவோ காலிக் கூடோ கையில் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க உறுதி சொன்னோம். தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்து கை கழுவிய பிறகும் விரலில் பித்தளை வாடை போகவில்லை.

அமெரிக்காவிலும் இப்படிக் குனிந்து பொறுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடுவது கணக்கை ஒப்படைக்க அல்ல, காசை மிச்சம் பிடிக்க. சுட்ட கூட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பற்றவைக்கும் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். ‘அந்தப் பாடெல்லாம் எதற்கு? மலிவான எஃகுக்கூட்டுத் தோட்டாவை வாங்கு, சுடு, கூட்டை விட்டுவிட்டு வா’ என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சிக்கனத்தின் பெயரில்தான் பேசுகின்றன. இரண்டும் எழுதாமல் விடும் செலவுகளைப் பார்த்தால்தான் எது சிக்கனம் என்று தெரியும்.

தோட்டாவில் இருப்பவை நான்கு: கூடு, பிரைமர், மருந்து, குண்டு. பித்தளைத் தோட்டாவில் விலை கூடியது பெரும்பாலும் கூடுதான். 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். சுடும்போது அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிப் புகையைப் பின்னால் விடாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி எளிதாக வெளியே வருகிறது. இந்த நெகிழ்ச்சி இருப்பதால்தான் ஒரே கூட்டைப் பலமுறை நிரப்ப முடிகிறது. மறுநிரப்பலின் வாதம் இங்கே வலுவாகவே நிற்கிறது: விலை உயர்ந்த பகுதியை ஒருமுறை வாங்கினால் போதும்.

ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையும் உண்டு. அழுத்துக்கருவி, அளவு அச்சுகள், துல்லியத் தராசு, கூட்டைத் துலக்கும் இயந்திரம் எல்லாம் வாங்கிய பிறகுதான் முதல் தோட்டா பிறக்கும். கூட்டைத் துலக்கி, அளவு திருத்தி, கழுத்து நீண்டிருந்தால் வெட்டி, விரிசல் தேடி, மருந்தை நிறுத்துப் போடுவதற்குள் மாலைப்பொழுது போய்விடும். அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் மிச்சம் கரைந்துவிடும். ஆபத்தும் சிறியதல்ல. மருந்து மாறினாலோ மிகுந்தாலோ துப்பாக்கியே வெடிக்கலாம். குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுடுகிறவரின் கதி அதோகதிதான். பழைய பிரைமரின் ஈயத் தூசியைச் சுவாசிப்பது தனி.

அப்படியானால் எதற்காக நிரப்புகிறார்கள்? என் பார்வையில், பணம் இதற்குச் சொல்லப்படும் காரணம். ஒருமைதான் உண்மையான காரணம். தொலைதூரக் குறியில் ஒவ்வொரு சுடுதலும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும். தன் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டையும் மருந்தளவையும் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பொதுச் சந்தைக்காகச் செய்த தோட்டா போதாது. தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை போன்றது அது. அதை மலிவு என்று சொல்லித் துணி எடுக்கப் போவதுதான் தவறு.

எஃகுக்கூட்டின் பிறப்பிலேயே தட்டுப்பாடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் செம்புக்கு அலைந்த ஜெர்மனி எஃகுக்கு மாறியது. சோவியத் நாடு அதையே பழக்கமாக்கிக்கொண்டது. அதன் 7.62x39 தோட்டாவின் உடல் அடியிலிருந்து மேல்நோக்கி நன்றாகக் குறுகுவதால், எஃகாக இருந்தும் சிக்காமல் வெளியே வரும். மேற்கு நாடுகளின் 5.56 தோட்டாவின் உடல் அவ்வளவு குறுகுவதில்லை. எஃகு பித்தளை அளவுக்கு விரிந்து அடைப்பதும் இல்லை. புகை பின்னால் கசிந்து அறையில் கரி படியும், கூடு சிக்கும். மேற்பூச்சான அரக்கு உருகி ஒட்டுகிறது என்பது நெடுநாள் புகார். பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கரிதான்.

2013-இல் ஓர் அமெரிக்கத் தோட்டா வணிக நிறுவனம் வெளியிட்ட சோதனையில், ஒரே மாதிரியான நான்கு துப்பாக்கிகளில் ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் தோட்டா சுடுவது திட்டம். ஒன்றுக்குப் பித்தளை, மூன்றுக்கு எஃகு. எஃகு வகைகளைச் சுட்ட குழல்கள் வெகு முன்பே தேய்ந்தன. தேய்த்தது கூடு அல்ல, செம்பு குறைத்து எஃகு கலந்த குண்டின் மேலுறை. ஆனாலும் தோட்டாவில் மிஞ்சிய பணத்தில் புதுக் குழல் வாங்கிவிடலாம் என்றே கணக்கு வந்தது. ஆக எஃகின் மலிவு பொய்யில்லை. நிறையச் சுட்டுப் பழகுகிறவருக்கு அது நியாயமான பேரம். துல்லியம் தேடுகிறவருக்கும், கூட்டைச் சேர்த்து வைக்கிறவருக்கும் அது எதற்கும் உதவாது. அந்தக் கூடுகளில் பெரும்பாலானவை இரண்டு சிறு துளையுள்ள பெர்டன் வகை; வழக்கமான கருவியால் பழைய பிரைமரைத் தள்ளி எடுக்க முடியாது.

இரு கட்சியும் சறுக்கும் இடம் ஒன்று: ‘நான் யாரையும் நம்பி இல்லை’ என்ற நினைப்பு. எஃகுத் தோட்டாவில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்கா அதற்குப் புது இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியபோது மலிவின் ஊற்றுக்கண் அடைபட்டது. மறுநிரப்புகிறவரும் தப்பவில்லை. கொரோனா கொள்ளைநோய்க் காலத்தில் பிரைமர் தட்டுப்பாடு வந்ததும், கழுவித் துலக்கிய கூடுகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கூட்டை வீட்டில் நிரப்பலாம், பிரைமரை ஆலைதான் தர வேண்டும்.

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் வேறு அளவில் முன்பே படித்துவிட்டது. சுதந்திரம் வந்து இரண்டே ஆண்டில், 1967-இல், 5.56 தோட்டா செய்யவென்றே சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாணயச்சாலையும் அதன் கீழ் வந்தது. உலோகத்தை அச்சில் அழுத்தும் வித்தை இரண்டுக்கும் பொது. சின்னஞ்சிறு நாட்டுக்கு வெளியே வாங்குவது மலிவாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் விற்பவன் கதவை மூடும் நாளுக்கும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

தனிமனிதருக்கு இங்கே இரண்டு வழியும் இல்லை. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். விளையாட்டுக்காகச் சுடுகிறவர்களை எடுத்துக்கொண்டாலும், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற நம் துப்பாக்கிச்சுடும் வீராங்கனை ஜாஸ்மின் செர் சுட்ட 50 மீட்டர் போட்டியின் .22 தோட்டாவும் மறுநிரப்பலுக்கு ஒத்துவராது. பிரைமர் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்த வகைப் போட்டியாளர்கள் ஆலைக்குச் சென்று, எந்தத் தயாரிப்புத் தொகுதி தம் துப்பாக்கிக்குப் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்து வாங்குவார்கள். நிரப்பாமலே ஒருமை தேடும் வழி அது.

ஆகவே என் தீர்ப்பு இது: குறி தப்பக்கூடாதவர் நிரப்பட்டும், ஆனால் அதைச் சேமிப்பு என்று சொல்ல வேண்டாம். கை பழக வேண்டியவர் எஃகு வாங்கட்டும், குழலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும். அன்றிரவு புல்லில் நாங்கள் ஒரே ஒரு கூட்டைத் தேடிய நேரத்தை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. அந்த ஒற்றைக் கூட்டுக்கும் ஒரு பிளாட்டூனே தன் நேரத்தைக் கொடுத்தது.