செயப்பாட்டுவினையும் மறையும் வினைமுதலும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் எழுதப்படுவனவற்றில் பரவலாகப் பயில்வதும், நடைநூலார் பலரால் ஓயாது கடியப்படுவதும் செயப்பாட்டுவினைத் தொடரே ஆகும். இங்ஙனம் கூறும் யாமும் அதனையே ஆண்டுள்ளோம் என்பதனைக் கற்போர் நோக்கியிருப்பர். புகைவண்டி நிலைய அறிவிப்பு, வங்கி விடுக்கும் மடல், செய்தித்தாளின் முதற்பத்தி, ஆய்வுக்கூடக் குறிப்பு ஆகிய யாவற்றினும் அது காணக் கிடைக்கின்றது. ஆங்கிலம் எழுதுவோர் அதனை நாடுதற்குக் காரணம் யாது? கடிந்தோர் கூற்று எத்துணைப் பொருந்தும்? அதனைத் தமிழ்ப்படுத்துவோர் எதனை இழக்கின்றனர்? இவ்வினாக்கள் தம்முள் தொடர்புடையன.

கடிந்தோருள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் ஜார்ஜ் ஆர்வெல். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி 1946இல் அவர் எழுதிய கட்டுரை, செய்வினை அமையுமிடத்துச் செயப்பாட்டுவினையை ஆளலாகாது என விலக்குகின்றது. ஆயின், அக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே செயப்பாட்டுவினை ஒன்று வந்து அமர்ந்துள்ளது. வில்லியம் ஸ்ட்ரங்க் இயற்றியதனை ஈ. பி. ஒயிட் திருத்த, 1959இல் வெளிவந்த நடைநூலின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. செய்வினையைப் பரிந்துரைக்கும் பகுதியில் அந்நூல் திருத்திக் காட்டும் நான்கு வாக்கியங்களுள் ஒன்றே செயப்பாட்டுவினை. ஏனைய மூன்றும் வேறு வகையின. மொழிநூலறிஞர் ஜெப்ரி புல்லம் இதனை நன்கு எடுத்துக் காட்டியுள்ளார். கடிவோர்க்கே தாம் கடியும் பொருளின் இலக்கணம் தெளிவாக இல்லையெனின், அவ்விதியை மாணாக்கர் எங்ஙனம் பின்பற்றுவர்?

உண்மைக் காரணம் ஆங்கிலத் தொடரமைப்பில் உள்ளது. ஆங்கிலப் பெயர்கள் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. நாய் மனிதனைக் கடித்தது என்பதனையும், மனிதன் நாயைக் கடித்தான் என்பதனையும் அம்மொழியில் பிரித்துணர்த்துவது சொற்கள் நிற்கும் இடமே. கடியுண்ட மனிதனைப் பற்றியே பேச்சு நிகழுங்கால், அவனை முன்னிறுத்த விரும்புவார்க்கு வினையைத் திருப்பியமைத்தலன்றி எளிய வழி இல்லை. எனவே, இது சோம்பலின் விளைவன்று. இடத்தால் பொருளுணர்த்தும் மொழி தனக்கெனத் தேடிக்கொண்ட வாயில் என்க.

இரண்டாவது காரணம் இதனினும் வலியது. ஆங்கில முற்றுவினை எழுவாயின்றித் தனித்து நிற்றல் அரிது. செய்தவர் இன்னார் எனத் தெரியாவிடினும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லையெனினும், ஏதேனும் ஒரு சொல்லால் அவ்விடத்தை நிரப்பியே ஆகவேண்டும். செயப்பாட்டுவினையாக மாற்றிய அளவில் அவ்விடர் நீங்குகின்றது. ஓட்டோ ஜெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், தாம் நோக்கிய ஆசிரியர்தம் எழுத்துகளில் 70 விழுக்காட்டிற்குக் குறையாத செயப்பாட்டுவினைத் தொடர்கள் வினைமுதலைச் சுட்டாமலே வருதலைக் காட்டினார். ஆகவே, ‘இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்’ என்பதுபோல நம் பள்ளிகளிற் பயிற்றும் முழுவாய்பாடு, ஆங்கில வழக்கிற் சிறுபான்மையதே. பெரும்பான்மையை விடுத்துச் சிறுபான்மையை விதியாகக் கற்பித்து வருகின்றோம்.

வினைமுதலைச் சொல்லாது விடல் பலவிடத்துக் குற்றமன்று. அஞ்சல் எத்தனை மணிக்கு எடுக்கப்படும் என அறிய விரும்புவான், எடுப்பவர் பெயரை அறிய விரும்பான். ஆயின், பொறுப்பு எழுமிடத்து இவ்வாய்பாடு வேறு முகம் காட்டுகின்றது. 1987 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், ஈரானுடன் நிகழ்ந்த மறைமுகத் தொடர்பு பற்றிப் பேசுங்கால், பிழைகள் செய்யப்பட்டன என்றார். செய்தார் யாவர் என்பதனை அத்தொடர் கூறவில்லை. 1876 டிசம்பரில் யுலிசீஸ் கிராண்ட் தம் இறுதி ஆண்டறிக்கையில் இதே வாய்பாட்டை ஆண்டனர். ஆனால், அதனை அடுத்தே தாமும் அதனை ஒப்புக்கொள்வதாகத் தன்மையிடத்தாற் கூறினர். அதன்பின் பிழைகளிற் பெரும்பகுதியைத் துணைவரைத் தெரிந்தெடுத்ததன்பால் ஏற்றினர் என்பதும் உண்மையே. எனினும், தன்மை வினைமுற்று ஒன்று உடன்நின்றமையால் வாக்கியத்தில் ஓர் ஆள் புலப்படுகின்றார். செயப்பாட்டுவினையைக் கண்ட மாத்திரத்தே குறைகூறுதல் பொருந்தாது. அதன் பக்கத்தே நிற்பது யாது எனவும் நோக்கல் வேண்டும்.

இனித் தமிழ்நிலையை நோக்குவாம். ‘படு’ ஆங்கிலத்தினின்று வந்த இரவற்பொருள் என்பார் உளர். தொல்காப்பியத்து முதல் நூற்பாவின் தொடக்கத்திலேயே அவ்வினை ஆளப்பட்டிருத்தலின் அக்கூற்று நில்லாது. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கும் அந்நூலிற் பேசப்படுகின்றது. மெழுகப்பட்ட திண்ணையை அதுவே மெழுகியதுபோலச் சொல்லுதல் அவ்வகையது. மறுதலையாக, கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டுவினையே இல்லை என்றார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே எம் கருத்து. வாய்பாடு பழையது, இன்று அதன்மேல் ஏற்றப்படும் சுமையே புதியது.

சுமை என்றது என்னை? முன்கூறிய இரண்டு காரணங்களும் தமிழுக்கு இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபு இருத்தலின், ‘பாலத்தைக் கட்டி முடித்தனர்’ எனச் செயப்படுபொருளை முன்னிறுத்த வினையைத் திருப்ப வேண்டுவதில்லை. தோன்றா எழுவாய் நம் மொழிக்கு இயல்பாதலின், செய்தாரைச் சொல்லாது விடுதற்கும் அது வேண்டுவதில்லை. அன்றியும், ‘முடித்தனர்’ என்னுமிடத்து எழுவாய் மறைந்தும் வினைவிகுதி, செய்தார் உயர்திணையினர், பலர், படர்க்கையினர் என்பதனைக் காட்டி நிற்கின்றது. ‘கட்டி முடிக்கப்பட்டது’ என்றவழி விகுதி பாலத்தோடு இயைந்து அஃறிணை ஒருமையாகிவிடச் செய்தார் சுவடே அழிகின்றது. ஆங்கிலத்தில் இவ்விழப்புச் சிறிது. அம்மொழி வினையிடத்து ஆளை உணர்த்தும் விகுதி பெரும்பாலும் இன்மையின் இழத்தற்கு அதனிடம் ஒன்றுமில்லை. தமிழில் இழப்புப் பெரிது.

‘பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்னும் ஒலிபெருக்கித் தமிழை நாம் கேட்டுப் பழகிவிட்டோம். பயணிகள் என்னும் சொல் முதலில் விழவேண்டும் என்பதே ஆங்கில மூலத்தின் நோக்கம். ‘பயணிகளை வேண்டுகிறோம்’ என்றால் அந்நோக்கமும் நிறைவேறும். வேண்டுவார் தாம் என்பதும் புலனாகும். இவ்விடத்துக் கேடு செவிக்கே அன்றி வேறொன்றற்கு இல்லை.

கேடு பெரிதாவது மடல்களிலாம். எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், உதவித்தொகை வேண்டித் தாம் எழுதியதற்கு வந்த மறுமொழியைக் கொணர்ந்து காட்டினர். மேலே ஆங்கிலமும் கீழே தமிழும் இருந்தன. விண்ணப்பம் பெறப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, தகுதியற்றதாகக் கருதப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என நான்கு வினைகள் அதனுள் நின்றன. ஒன்றற்கேனும் வினைமுதல் இல்லை. கருதியவர் ஒருவரோ குழுவோ, நிராகரித்தவரும் அவரேயோ என்பன விளங்கவில்லை. ‘தேர்வுக்குழு கருதியது; செயலர் நிராகரித்தார்’ என இரண்டு பெயர்களைப் பெய்திருப்பின் மடல் ஒரு வரியும் நீண்டிராது. மேல்முறையீட்டை யாருக்கு விலாசமிடுவது என அவர் எம்மை வினவினர். மடலை இருமுறை படித்தும் எம்மால் விடை கூற இயலவில்லை. அவர் உறையின் மேற்புறத்து அலுவலகத்தின் பெயரை மட்டும் எழுதி அஞ்சலிற் சேர்த்தனர்.